ஜெனரேற்றர் இரைச்சலுக்குள் ஒரு தாயின் குரல்

காணாமல் ஆக்கப்பட்டவர்களின் தாய்மார் பேசும் குறும்படம் ஒன்றை எங்கள் பெண்கள் குழு எடுத்தபோது, படத்தைத் தொகுக்கும் வேலை என்னிடம் வந்து சேர்ந்தது. கமெரா இரவல். கணினியும் இரவல். ஒலிக்கென்று ஒதுக்கக் காசு இருக்கவில்லை.

பேசிய ஏழு தாய்மாரில் ஒருவரின் பதிவுதான் பெரும்பாடாகிவிட்டது. அன்று மின்வெட்டு. பக்கத்து வளவுக் கலியாண வீட்டில் ஜெனரேற்றர் இரைந்துகொண்டிருந்தது. இன்னொரு நாள் வந்து திரும்ப எடுப்போம் என்றுதான் எல்லோரும் பேசிக்கொண்டோம். அதற்குள் அந்த அம்மா காலமாகிவிட்டார். மகனைப் பற்றி அவர் சொன்னதெல்லாம் அந்தப் பதினொரு நிமிடத்துக்குள்தான் இருக்கிறது.

ஓடாசிட்டி என்ற மென்பொருள் 2000ஆம் ஆண்டிலிருந்து இலவசமாகக் கிடைத்து வருகிறது. அதில் இரைச்சலைக் குறைக்க ஒரு வழி உண்டு. பேச்சே இல்லாமல் இரைச்சல் மட்டும் கேட்கும் ஓரிரு விநாடியைத் தெரிவுசெய்து, 'இதுதான் இரைச்சல்' என்று முதலில் அதற்குக் காட்டிக்கொடுக்க வேண்டும். பிறகு முழுப் பதிவையும் தெரிவுசெய்தால், அதே தன்மையுள்ள ஒலியை எல்லா இடத்திலும் அது தணித்துவிடும். மின்விசிறி, பிரிஜ் போல ஒரே சீராக இரையும் சத்தத்துக்குத்தான் இது நன்றாகச் சரிவரும். நாய் குரைப்பதையோ ஓட்டோ ஹோர்னையோ இதனால் எடுக்க முடியாது. ஜெனரேற்றரும் முழுக்கச் சீரானதல்ல. சுமை கூடிக் குறைய அதன் சுதி மாறும். அதனால் பதிவைத் துண்டு துண்டாகப் பிரித்து, ஒவ்வொரு துண்டுக்கும் அருகிலுள்ள இடைவெளியிலிருந்தே மாதிரி எடுத்தேன். அந்த அம்மா நிறுத்தி நிறுத்திப் பேசுபவர். அது எனக்குக் கைகொடுத்தது.

எவ்வளவு குறைப்பது என்பதில்தான் சிக்கல். 20 டெசிபல் வரை குறைத்துப் பார்த்தால் இரைச்சல் போய்விடுகிறது. ஆனால் குரல் தண்ணீருக்குள்ளிருந்து பேசுவது போலாகிவிடுகிறது. அந்த மென்பொருளிலேயே, நீக்கப்படுவதை மட்டும் தனியே கேட்கும் வசதியும் இருக்கிறது. அதைப் போட்டுக் கேட்டேன். ஜெனரேற்றரோடு சேர்ந்து அந்த அம்மாவின் மூச்சும், மகனின் பெயரைச் சொல்லும்போது தழுதழுக்கும் கடைசி எழுத்தும் கழிவில் போய்க்கொண்டிருந்தன. குப்பைக்குள் அவர் அழுவது கேட்டது. கொஞ்ச நேரம் கணினியை மூடிவிட்டு வெளியில் போய் இருந்தேன்.

பிறகு 6 டெசிபலோடு நிறுத்திக்கொண்டேன். 80 ஹேர்ட்ஸுக்குக் கீழேயுள்ள அடி முழக்கத்தை வேறொரு வடிகட்டியால் தணித்தேன்; பேச்சுக்கு அவ்வளவு ஆழத்தில் வேலையில்லை. ஜெனரேற்றர் இன்னமும் மெல்லக் கேட்கும், சொற்களும் விளங்கும். மகளை அழைத்துப் போட்டுக் காட்டினேன். "அம்மா இப்பிடித்தான் அக்கா, மூச்சு வாங்கி வாங்கித்தான் கதைக்கிறவ" என்றாள். எங்கள் குழுவில் ஒருவர் இன்னும் துப்புரவாக்கச் சொல்லிக் கேட்டார். நான் சம்மதிக்கவில்லை.

உங்கள் தாய்மாரின், மாமிமாரின் கதைகளை நீங்களும் பதிந்து வைக்க நினைத்தால், கணினியில் படும் பாட்டில் பாதியைப் பதியும்போதே மிச்சப்படுத்தலாம். மைக்கை வாய்க்குக் கிட்டக் கொண்டுபோங்கள். தூரம் பாதியானால் குரல் ஏறத்தாழ 6 டெசிபல் உயரும், சுற்றுச் சத்தமோ அப்படியே இருக்கும். விலை உயர்ந்த மைக்கைவிட இது பெரிது. விசிறியையும் பிரிஜையும் நிறுத்துங்கள். (உங்கள் கைத்தொலைபேசியைப் பிரிஜுக்குள் வைத்துவிட்டால், போகும்போது அதைத் திரும்பப் போட மறக்கமாட்டீர்கள்.) வெறுஞ்சுவர் எதிரொலித்தால் போர்வையோ சேலையோ மடித்துத் தொங்கவிடுங்கள். பேச்சு முடிந்ததும் அரை நிமிடம் எல்லோரும் அசையாமல் இருந்து அந்த இடத்தின் சத்தத்தை மட்டும் பதிந்துகொள்ளுங்கள். மாதிரிக்கு அது உதவும். முதற் பதிவை ஒருபோதும் அழிக்க வேண்டாம், பிரதியில்தான் வேலை செய்ய வேண்டும். அந்த அம்மாவின் பதினொரு நிமிடத்தையும் ஜெனரேற்றர் இரைச்சலோடேயே இரண்டு பென்ட்ரைவில் வைத்திருக்கிறோம். ஒன்று மகளிடம் இருக்கிறது.