செருப்பை வாசலில் விடலாம்

எனக்குத் தெரிந்த ஒருவர், முப்பது வருடமாகக் கேட்டு வந்த பாடகரின் பாட்டுகளை ஒரே நாளில் கைபேசியிலிருந்து அழித்துவிட்டார். அந்தப் பாடகர் ஏதோ ஒரு கூட்டத்தில் பேசியது பிடிக்கவில்லையாம். இந்த மாதிரிச் செய்தி காதில் விழும்போதெல்லாம் எனக்கு எட்கார் டேகாவின் ஞாபகம் வருகிறது. நாட்டியப் பெண்களை வரைந்தாரே, அந்த பிரெஞ்சு ஓவியர்.

பிரெஞ்சு வழியில் படித்த எங்களுக்கு டிரைஃபஸ் வழக்கு சரித்திரப் பாடம். 1894-இல் யூதரான ஒரு ராணுவ கேப்டனை, ஜெர்மனிக்கு உளவு சொன்னதாகப் பொய்க் குற்றம் சாட்டிச் சிறையில் தள்ளினார்கள். 1898 ஜனவரியில் எமில் ஸோலா குடியரசுத் தலைவருக்குப் பத்திரிகையில் பகிரங்கக் கடிதம் எழுதினார். நாடே இரண்டு கட்சியானது. அவர் நிரபராதி என்று இறுதியாகத் தீர்ப்பானது 1906-இல்தான்.

ஓவியர்களும் இப்படித்தான் பிரிந்தார்கள் என்பதை நான் பிற்பாடுதான் படித்துத் தெரிந்துகொண்டேன். மொனேயும், யூதரான பிஸாரோவும் ஸோலா பக்கம். டேகாவும் ரெனுவாரும் எதிர்ப்பக்கம். டேகாவுக்கு யூதர்கள் மேல் அப்படி ஒரு வெறுப்பு. 'கார்மென்' இசை நாடகத்துக்கு வசனம் எழுதியவர்களில் ஒருவரான லுதோவிக் அலெவி, டேகாவின் பல வருட நண்பர். யூத வம்சாவளி. அவர் வீட்டில் சொந்தக்காரர் போல உட்கார்ந்து சாப்பிட்டவர் டேகா. 1897-இல் அந்த வீட்டுப் பக்கம் போவதையே நிறுத்திவிட்டார். மறுபடி போனது 1908-இல், அலெவி இறந்த பிறகு.

பிஸாரோ கதை வேறு. இருவரும் ஒரே கண்காட்சிகளில் படம் வைத்தவர்கள். அச்சுப்படம் எடுப்பதில் கூடி உழைத்தவர்கள். அந்த டேகாதான் பின்னாளில் அவரை ஒதுக்கினார். பிஸாரோவுக்கு வலிக்காமல் இருந்திருக்குமா? ஆனாலும் டேகா பெரிய கலைஞர் என்ற எண்ணத்தை அவர் கடைசிவரை மாற்றிக்கொள்ளவில்லை. மனிதர் செய்ததையும் மறைக்கவில்லை, படத்தின் மதிப்பையும் குறைக்கவில்லை.

எனக்குப் பிடித்த வழி இதுதான். கச்சேரிக்குப் போனால் செருப்பை வாசலில் விடுகிறோம். அதனால் செருப்பு நம்முடையது இல்லை என்று ஆகிவிடுமா? வெளியே வந்ததும் மாட்டிக்கொண்டுதான் நடக்கிறோம். அரசியலும் அப்படித்தான். ஓட்டுப் போடும்போதும், அநியாயத்தைத் தட்டிக் கேட்கும்போதும் அது காலில் இருக்கட்டும். ஆலாபனை நடக்கும் அரை மணி நேரம் வாசலில் கிடந்தால் ஒன்றும் கெட்டுவிடாது.

ஒன்று மட்டும் சொல்ல வேண்டும். அடிபட்டவர் 'என்னால் கேட்க முடியவில்லை' என்றால், கேட்டே ஆக வேண்டும் என்று அவரிடம் சொல்ல நமக்கு உரிமை இல்லை. ஆனால், படாத அடிக்காக நாமே கோபத்தை வரவழைத்துக்கொண்டு, நம்முடைய சந்தோஷத்தை நாமே பறித்துக்கொள்வானேன்?

இன்று பாரீஸில் ஒரு காலத்தில் ரயில் நிலையமாக இருந்த ஒர்சே அருங்காட்சியகத்தில் பிஸாரோவின் சிவப்புக் கூரைகளும் டேகாவின் நாட்டியக்காரிகளும் ஒரே கட்டடத்தில் இருக்கின்றன. பார்க்க வருபவர்களை, எந்தக் கட்சி என்று அங்கே யாரும் கேட்பதில்லை.