தந்தையின் பங்கு

தமிழ்நாட்டிலே தலைப்பிரசவம் தாய்வீட்டாரின் பொறுப்பு. சிசுவை நீராட்டுவதும் பத்தியம் சமைப்பதும் பாட்டிமார் கடமை; தந்தையோ பார்த்துப் போகும் விருந்தினன். கடல் கடந்து சிங்கப்பூரில் வாழும் எங்களுக்கு அவ்வசதி வாய்க்கவில்லை. இரண்டு மூன்று மணிக்கொருமுறை குழந்தை பாலுக்கு அழும். இங்கே பின்னிரவு 3 மணியென்றால் ஊரில் நள்ளிரவு 12.30, யாரை எழுப்பி யோசனை கேட்பது? ஆகவே, பாலூட்டி அயர்ந்த மனைவியிடமிருந்து மகளை வாங்கித் தோளிலிட்டு ஏப்பம் விடுவிப்பேன், அணையாடை துவைப்பேன், விடிந்ததும் பூண்டுக் குழம்பு வைப்பேன். சட்டப்படி 42 நாட்களுக்குள் பிறப்பைப் பதிந்ததும் நானே.

"இவை ஆண்பிள்ளை செய்யும் வேலையா?" என்று நண்பரொருவர் நகைத்தார். "பாலூட்டல் ஒன்றே தாயால் மட்டும் ஆவது, ஏனையவை கையுள்ள எவராலும் ஆகும்" என்றேன்.

தோழர்களே! பாட்டியில்லாக் குறையால் யான் கற்றதைப் பாட்டியுள்ள வீட்டுத் தந்தையரும் கற்பாராக.