பென்ரோஸ் குன்றின் பெயரில் ஒரு தீவு

பென்ரோஸ் என்றதும் தொழிற்சாலைகளும் களஞ்சியசாலைகளும் பார ஊர்திகளுமே எமக்கு நினைவில் வரும். அங்குள்ள மவுண்ட் ஸ்மார்ட் விளையாட்டரங்கு இருக்கும் இடம் ஒரு காலத்தில் எரிமலைக் குன்று. கல்லுக்காகக் குன்றை அகழ்ந்து தீர்த்த பின்னர் அங்கே அமைத்த அரங்கு 1967இல் திறக்கப்பட்டது. அந்தக் குன்றின் மாவோரிப் பெயர் ராரோதொங்கா.

அதே பெயருடைய தீவொன்று ஒக்லாந்துக்கு வடகிழக்கே ஏறத்தாழ 3,000 கிலோமீற்றர் தொலைவில் உள்ளது. அதுவே குக் தீவுகளின் தலைத்தீவு. 15 தீவுகளையும் சேர்த்தாலும் நிலப்பரப்பு சுமார் 240 சதுர கிலோமீற்றர்தான்.

அங்கு வாழ்வோரில் மிகப் பெரும்பாலோர் குக் தீவு மாவோரிகள். அவர்களது மொழி நியூசிலாந்து மாவோரி மொழிக்கு மிக நெருங்கிய உறவு. ஆனால் எல்லோரும் ஒரே அச்சில் வார்த்தவர்கள் அல்லர். வடக்கேயுள்ள புகாபுகா தீவினர் பேசுவது வேறு மொழி. அது சாமோவா மொழிக்குக் கிட்டியது. பாமர்ஸ்டன் தீவினரோ 1863இல் குடியேறிய வில்லியம் மார்ஸ்டர்ஸ் என்ற ஆங்கிலேயரின் வழிவந்தவர்கள். வீட்டில் பேசுவதும் ஆங்கிலமே. அண்மைக் காலத்தில் பிலிப்பைன்ஸ், பீஜி நாட்டவரும் வேலைக்காக வந்துள்ளனர்.

1901இல் நியூசிலாந்துடன் இணைக்கப்பட்ட இத்தீவுகள் 1965இல் சுயாட்சி பெற்றன. நியூசிலாந்துக் குடியுரிமை மட்டும் அவர்கள் கையிலேயே இருந்தது. 1974இல் சர்வதேச விமான நிலையமும் திறக்கப்பட, சனங்கள் புறப்பட்டனர். 1971இல் 21,000ஐத் தாண்டியிருந்த சனத்தொகை, 2021இல் சுமார் 15,000. நியூசிலாந்திலோ 2018 குடிசன மதிப்பீட்டின்படி 80,000க்கு மேற்பட்ட குக் தீவு மக்கள் இருந்தனர். அதாவது ஊரில் ஒருவர் என்றால் இங்கே ஐவர்!

புங்குடுதீவு, நெடுந்தீவு, நயினாதீவு என்று தீவகத்தை அறிந்த எமக்கு ஆளில்லா வீடுகளின் கதை புதிதல்ல. அவர்கள் வேலை தேடிக் கடவுச்சீட்டுடன் வந்தார்கள். நாம் யுத்தத்தால் வந்தோம். நினைத்தபோது ஊர் போய் வரவும் அவர்களால் முடிகிறது. இவ்வளவு இருந்தும், 2018 கணக்கின்படி இங்குள்ள குக் தீவினரில் தம் மொழியில் உரையாடக் கூடியவர் பத்தில் ஒருவர் அளவே. சாமோவா மக்களில் ஏறக்குறைய பாதிப்பேர் தம் மொழி பேசுகின்றனர். அவர்களது தேவாலயங்களில் வழிபாடும் பாட்டும் இன்றும் சாமோவா மொழியில் நடக்கின்றன.

ஊர் போய்வர வசதியுள்ள ஒரு சமூகத்துக்கே இந்த நிலை என்றால், எமது பிள்ளைகளின் தமிழ் தானாக நிலைக்கும் என்று இருந்துவிட முடியுமா? வாரத்தில் ஒரு நாள் தமிழ் வகுப்பு நல்லதுதான். மிகுதி ஆறு நாளும் வீட்டில் பேசுவது நாமே.

பென்ரோஸில் உங்களுடன் வேலை செய்யும் குக் தீவு நண்பரைக் கண்டால் 'கியா ஓரானா' என்று சொல்லிப் பாருங்கள். 'நீடு வாழ்க' என்பது அதன் பொருள். பின்னர் எமது 'வணக்கம்' என்ற சொல்லையும் அவருக்குச் சொல்லிக் கொடுங்கள்.