ஆடிட்டரிடம் சொல்ல வைத்திருந்த பொய்

2023 ஜூலையில் முதல்முறையாக ஓர் ஆடிட்டரைப் பார்க்கப் போனேன். அதற்கு முந்தைய இரவு இரண்டு மணி வரை விழித்திருந்து நான் தயார் செய்தது ஒரு பொய்.

மதுரையில் கட்டடங்களுக்கு ஸ்ட்ரக்சுரல் டிசைன் போட்டுத் தருவது என் தொழில். 2019இல் வேலையை விட்டுத் தனியாக வந்த பிறகு ஒரு வருடம்கூட ரிட்டர்ன் தாக்கல் செய்யவில்லை. கம்பெனிக்காரர்கள் ஃபீஸில் 10 விழுக்காடு டி.டி.எஸ். பிடித்துக்கொண்டுதான் தருவார்கள். அதான் பிடித்தாயிற்றே, இனி என்ன என்று வீட்டில் சொல்லிவந்தேன். அதுவும் பொய்தான். சொந்த வீடு கட்டுபவர்கள் டி.டி.எஸ். பிடிப்பதில்லை. அவர்கள் கொடுத்ததை எல்லாம் ஜிபேயில் இன்னொரு வங்கிக் கணக்கில் வாங்கினேன். ரிட்டர்ன் போட்டால் அதையும் காட்ட வேண்டும். அந்தப் பயத்தில் எதையுமே காட்டாமல் இருந்துவிட்டேன்.

அன்றிரவு முதல் கணக்கின் ஸ்டேட்மென்ட்டை மட்டும் பிரிண்ட் எடுத்து ஃபைலில் வைத்தேன். இன்னொன்றைப் பற்றிக் கேட்டால், அது அப்பா பணம் போட்டு எடுக்கிற கணக்கு என்று சொல்வதாக முடிவு செய்தேன். வாழ்நாள் முழுக்கக் கடன் வாங்காத மனிதரை அதற்குள் இழுத்தேன். இதை எழுதும்போதும் கூசுகிறது.

அந்த ஆடிட்டர் அம்மா என் ஃபைலைத் திறக்கவே இல்லை. வருமான வரி போர்ட்டலில் என்னையே லாகின் செய்யச் சொன்னார். 26ஏஎஸ் படிவத்தில் யார் எப்போது எவ்வளவு பிடித்தார்கள் என்பது வரி வரியாக வந்தது. பிறகு ஏ.ஐ.எஸ். அறிக்கையைத் திறந்தார். வங்கிகள் அனுப்புகிற விவரமெல்லாம் அதில் ஏறியிருக்கும்.

"இந்த 1,870 ரூபாய் சேவிங்ஸ் வட்டி எந்த பேங்க் சார்?"

"அது அப்பா..." என்று ஆரம்பித்தேன்.

"உங்க பான்ல வந்திருக்கே சார்."

குரலை உயர்த்தவில்லை அவர். எனக்குத்தான் அதற்குமேல் பேச்சு வரவில்லை. ஒரு டம்ளர் தண்ணீர் குடித்துவிட்டு எல்லாவற்றையும் சொன்னேன்.

2022-23க்கு அந்த மாதம் 31 வரை நேரம் இருந்தது. 2021-22இல் பெரும்பாலும் தனிவீட்டு வேலை, பிடித்தம் குறைவு. அதற்கு அப்டேட்டட் ரிட்டர்ன் போடலாம், வரியும் வட்டியும் கட்டி அவற்றின் மேல் 25 விழுக்காடு கூடுதலாகக் கட்டவேண்டும் என்றார். கட்டினேன். அது எனக்குரிய தண்டனை, அதில் குறையில்லை.

என்னை உடைத்தது 2020-21. கொரோனாவுக்காக அந்த ஆண்டு மே 14 முதல் டி.டி.எஸ். விகிதத்தை 7.5 ஆகக் குறைத்திருந்தார்கள். 5,60,000 ரூபாய் ஃபீஸில் எனக்குப் பிடித்தது 42,000. என்னைப் போன்ற பொறியாளர்கள் வரவில் பாதியை வருமானமாகக் காட்டினால் போதும் என்று 44ஏடிஏ பிரிவு சொல்கிறது. அப்படிப் பார்த்தால் 2,80,000. வரியே இல்லை. முழுப் பணமும் திரும்பி வந்திருக்கும். 2022 மார்ச் 31 வரை கேட்டிருக்கலாம். அப்டேட்டட் ரிட்டர்னில் ரீஃபண்ட் கேட்க முடியாது.

"தாமதத்தை மன்னிக்கச் சொல்லி மனு போடலாம் சார். ஆனா உண்மையான இடர்ப்பாடு காட்டணும். உடம்பு முடியாம இருந்தீங்களா?"

நன்றாகத்தான் இருந்தேன். மனுவில் எழுத என்னிடம் ஒரு காரணமும் இல்லை.

2021 மே மாதம், இரண்டாம் அலையில் வேலையே இல்லாதபோது, என் மனைவி தன் அம்மா போட்ட செயினைக் கழற்றி 40,000 ரூபாய்க்கு அடகு வைத்தாள். வட்டி கட்ட முடியாமல் மறுவருடம் அது மூழ்கிப்போனது.

அன்றிரவு அவளிடம் சொன்னேன். இன்னொரு கணக்கைப் பற்றியும் சொன்னேன். அதை அவள் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. 26ஏஎஸ் தாளை வாங்கி, அந்த வருடத்துக் கூட்டுத்தொகைமேல் விரலை வைத்தாள்.

"அப்போ இது நம்ம பணமா?"

"ஆமா."

"செயினு போறப்பவும் இது அங்கதான் இருந்துச்சா?"