அலமாரிப் பொம்மைகள்

எங்கள் இல்லத்துக் கூடத்தில், தெற்குச் சுவரையொட்டி, தேக்குச் சட்டமிட்ட கண்ணாடி அலமாரி ஒன்று நிற்கிறது. அதன் சாவி என் மனைவியின் கொத்தில் இருக்கிறது. வீட்டுக்கொருவர் சபர் சென்ற ஊர்களில் இத்தகைய அலமாரிகளை வாசகர்கள் கண்டிருப்பர். வெளிநாட்டுக் கோப்பைகள், தீர்ந்துபோன அத்தர்க் குப்பிகள், இவற்றினிடையே பொம்மைகள். 1982 முதல் 1996 வரை நான் தம்மாமில் பணியாற்றியபோது, இரண்டாண்டுக்கு ஒருமுறை விடுப்பில் வரும்போதெல்லாம் என் மகனுக்கென வாங்கி வந்தவை அவை: மஞ்சள் நிறப் பிளாஸ்டிக் லாரி, சிவப்புத் தகரத் தீயணைப்பு வண்டி, கண் மூடித் திறக்கும் பொம்மை, கம்பத்தில் செருகும் வண்ண வளையங்கள், சிறு முரசு.

வாங்கி வந்தவை என்றேன். அவன் விளையாடியவை என்று சொல்ல நா எழவில்லை. முதல் நாள் மட்டும் பேட்டரிக் கட்டையிட்டு ஓட்டிக் காட்டுவோம். உறவினர் கூடி வியப்பர். மறுநாள் அவை அலமாரி ஏறிவிடும். மகனுக்கு ஐந்து வயதானபோது, ஒருநாள் நாற்காலி போட்டு ஏறி, மஞ்சள் லாரியை எடுத்துக் கொல்லை மணலில் ஓட்டியிருக்கிறான். முன்சக்கரம் ஒன்று கழன்றுவிட்டது. செய்தி கடிதத்தில் வந்தது. பொருளின் அருமை அறியாத பிள்ளை என்று நானும் கடிந்து பதில் எழுதினேன். அதை அவனுக்குப் படித்துக் காட்டினார்களாம். அதன்பின் அவன் அந்த அலமாரிப் பக்கமே செல்லவில்லை. பொம்மைகள் புதியனவாகவே இருந்தன; அவன்தான் அவற்றின் பருவத்தைக் கடந்துவிட்டான்.

இன்று அவன் துபாயில் இருக்கிறான். மருமகளும் ஒன்றரை வயதுப் பேரனும் எங்களுடன் இருக்கின்றனர். பேரனுக்கு ஓர் இயல்பு உண்டு. ஈரமானது, பிசுபிசுப்பது, நறநறப்பது எதையும் தொடமாட்டான். சோறு விரலில் ஒட்டினால் கையை உதறி அழுவான். மணலில் நிறுத்தினால் ஒரு காலைத் தூக்கிக்கொள்வான். மழலையர் கல்வி பயின்றவள் மருமகள். "இவனுக்குப் புதுப் பொம்மை வேண்டாம் மாமா. பலவகைப் பொருள்களைத் தொட்டுப் பழகினால் போதும். அலமாரியில் இருப்பவற்றைக் கொடுங்கள்" என்றாள்.

அவள் சொல்லித்தான் மாண்டிசோரி அம்மையாரைப் பற்றிப் படித்தேன். 1907-இல் ரோமாபுரியின் ஏழைத் தொழிலாளர் குடியிருப்பில் முதல் குழந்தைகள் இல்லத்தைத் தொடங்கிய அந்த இத்தாலிய மருத்துவர், 1939-இல் சென்னை அடையாற்றுக்கு வந்தார். போர்க்காலம் முழுவதும் இந்தியாவிலேயே தங்கி, 1946 வரை ஆசிரியர்களைப் பயிற்றுவித்தார். கரகரப்பும் வழவழப்பும் மாறிமாறி அமைந்த பலகைகள், உப்புத்தாளில் வெட்டிய எழுத்துகள் என்று, விரலின் வழியே அறிவைப் புகட்டுவது அவர் முறை. நான் என் மகனுக்குக் கொடுத்ததோ கண்ணுக்கு மட்டும். அதுவும் கண்ணாடிக்கு அப்பால்.

சாவியைத் தர என் மனைவி இசையவில்லை. "நீங்கள் இல்லாத பதினான்கு வருஷத்துக்கு இந்த வீட்டில் இருக்கிற அடையாளம் இதுதானே?" என்றாள். என்னிடம் மறுமொழி இல்லை. நான்காம் நாள் காலையில் சாவி என் மூக்குக்கண்ணாடிக்கு அருகில் கிடந்தது.

மருமகள் முதலில் செய்தது, கழித்துக் கட்டும் வேலை. தீயணைப்பு வண்டியைத் தடவிப் பார்த்தாள். சாயம் செதில் செதிலாக உதிர்ந்தது. பழைய சாயங்களில் ஈயம் கலந்திருக்கக் கூடும், குழந்தையோ எதையும் வாயில் வைப்பவன் என்று அதை ஒதுக்கினாள். எல்லாவற்றிலும் விலை கூடியது அதுதான்! பொம்மையின் கண்கள் ஆட்டம் கண்டிருந்ததால் அதுவும் விலக்கப்பட்டது. ஒன்றேகால் அங்குல விட்டமுள்ள குழலுக்குள் புகக்கூடிய எதுவும் மூன்று வயதுக்கு உட்பட்ட பிள்ளையின் தொண்டையை அடைக்கக் கூடும் என்பது அவள் கைக்கொண்ட அளவு. லாரியின் அடியில் பேட்டரிக் கட்டைகள் கசிந்து வெண்பூப் பூத்திருந்தன. அந்தப் பெட்டியையே அறுத்தெடுத்து, ஓரங்களைத் தேய்த்து, வண்டியைக் கழுவிக் காயவைத்தேன்.

வளையங்களுக்கு ஆடை தைத்தவள் மருமகள். ஒன்றுக்குத் தேங்காய் நார்க்கயிறு, ஒன்றுக்குப் பட்டுச்சேலைக் கரை, ஒன்றுக்குச் சாக்கு, ஒன்றுக்கு வெல்வெட்டு. நூல் பிரியாதபடி இறுகத் தைத்தாள். கண்ணை மூடிக்கொண்டு நானும் தடவிப் பார்த்தேன். இந்த வயதிலும் அது ஓர் இன்பமாகத்தான் இருக்கிறது.

லாரியின் கதைதான் சொல்ல வேண்டியது. பெரிய தாம்பாளத்தில் ரவையைப் பரப்பி அதன் நடுவே லாரியை வைத்தோம். அவன் கை ரவையில் படத் தேவையில்லை. லாரியைத் தள்ளினால் போதும். சக்கரத் தடம் விழுவதைக் கண்டு திகைத்தான். மீண்டும் தள்ளினான். கையைப் பிடித்து அழுத்தக் கூடாது, "தொடு, தொடு" என்று தூண்டவும் கூடாது என்று மருமகள் எங்களைத் தடுத்து வைத்திருந்தாள். சும்மா இருப்பது எவ்வளவு கடினம் என்பதைப் பேரன் வளர்க்கும் நன்னாமார் அறிவர். ஒன்பதாம் நாள் ஒரு விரலால் தடத்தைத் தொட்டான். மூன்றாம் வாரம் ரவையை உள்ளங்கையால் அள்ளி லாரியில் கொட்டினான். பிறகு ரவையில் சிறிது நீர் தெளித்தோம். முகம் சுளித்தான், ஆயினும் கையை உதறவில்லை.

அன்று மாலை கைப்பேசியில் மகன் அழைத்தான். நான் பேசாமல் தாம்பாளத்தைக் காட்டினேன். சிறிது நேரம் அவனிடமிருந்து குரலே இல்லை.

"அத்தா, அது அந்த மஞ்சள் லாரிதானே?"

"அதேதான்."

"முன்சக்கரம்?"

"கம்பி கொண்டு கட்டியிருக்கிறேன். கழன்றாலும் கழலலாம்."

"கழன்றால் கழலட்டும். அவனை ஒன்றும் சொல்லாதீர்கள்" என்றான்.

எனக்குத் தொண்டை அடைத்தது. அந்தப் பழைய கடிதத்தைப் பற்றி அவனிடம் ஏதேனும் சொல்ல வேண்டுமென்று வாயெடுத்தேன். அதற்குள் பேரன் லாரியைத் தலைகீழாகக் கவிழ்த்துவிட, ரவை முழுவதும் கூடத்துத் தரையில் சிதறியது. சிவப்புத் தீயணைப்பு வண்டியை மட்டும் மீண்டும் அலமாரியில் வைத்துப் பூட்டிக்கொண்டிருந்த என் மனைவி திரும்பிப் பார்த்தாள். அதட்டப் போகிறாள் என்றே எண்ணினேன். அவள் அடுக்களைக்குச் சென்று ரவை டப்பாவை எடுத்து வந்து, தாம்பாளத்தருகே அமர்ந்து, மூடியைத் திறந்தாள்.