கோலுக்கு முன்னும் பின்னும்

கிரிக்கெட் பார்த்து வளர்ந்த கண்ணுக்கு ஐஸ் ஹொக்கி சட்டென்று பிடிபடாது. பந்து வீசுபவர் திரும்பி நடந்துபோகும் நேரத்தில் கிரிக்கெட் பார்ப்பவரும் மூச்சு விட்டுக்கொள்ளலாம். ஹொக்கியில் அந்த அவகாசம் கிடையாது. 200 அடி நீளமும் 85 அடி அகலமுமான பனித்தளத்தில் அணிக்கு ஆறு பேர் சறுக்கிக்கொண்டே இருப்பார்கள். அவர்கள் களைப்பதற்குள் வாங்கில் காத்திருப்பவர்கள் தடுப்பைத் தாண்டி உள்ளே குதிப்பார்கள். எல்லோரும் துரத்துவது மூன்று அங்குல விட்டமும் ஓர் அங்குலத் தடிப்பும் உள்ள கறுப்பு ரப்பர் வில்லை ஒன்றை. அதுதான் பக். ரொறன்ரோவில் ஒரு சமூக அரங்கில் என் மகள் ஆடத் தொடங்கியபோது, அவளைப் படம் எடுக்கலாம் என்றுதான் கமராவைக் கொண்டுபோனேன். அந்தக் கமராதான் எனக்கு இந்த விளையாட்டையே சொல்லித் தந்தது. நாம் ஆடாத, நம் ஊரில் இல்லாத ஒரு விளையாட்டைப் பிள்ளை நேசிக்கத் தொடங்கினால், அவளோடு சேர்ந்து நடக்க இதைவிட நல்ல வழி எனக்குத் தெரியாது.

உள்ளரங்கில் முதலில் பழக வேண்டியது வெளிச்சத்தோடு. கண்ணுக்குப் பளீரென்று தெரியும் அரங்கு கமராவுக்கு மங்கல்தான். சறுக்கி வரும் ஆட்டக்காரரைக் கலங்காமல் பிடிக்க, ஷட்டர் ஒரு விநாடியில் 500இல் ஒரு பங்கு நேரத்துக்கு மேல் திறந்திருக்கக்கூடாது. 1000இல் ஒரு பங்கு என்றால் இன்னும் நல்லது. அதற்கு லென்ஸை முழு அகலத்துக்குத் திறந்து, வெளிச்ச உணர்திறனைக் குறிக்கும் ஐஎஸ்ஓவை 1600, 3200, சில அரங்குகளில் 6400 வரைக்கும் ஏற்ற வேண்டியிருக்கும். படத்தில் புள்ளி தட்டும், தட்டட்டும். புள்ளி இருந்தாலும் கூர்மையான படத்தைப் பெற்றோர் சட்டம் போட்டு மாட்டுவார்கள். கலங்கிய படத்தை எடுத்தவரே அழித்துவிடுவார். இந்த வேலைக்குப் பேர்போனது எஃப் 2.8 திறப்புள்ள 70-200 மில்லிமீற்றர் லென்ஸ். அதன் விலை கட்டுப்படியாகாதவர்கள் 85 மில்லிமீற்றர், எஃப் 1.8 லென்ஸோடு தாராளமாகத் தொடங்கலாம்.

வெள்ளைப் பனி கமராவின் ஒளிமானியைக் குழப்பிவிடும். எதைப் பார்த்தாலும் அதை நடுத்தரச் சாம்பல் நிறமாக எடுத்துக்கொண்டு கணக்குப் போடும் கருவி அது. அதன் சொல்லைக் கேட்டால் பனி அழுக்காகவும் முகங்கள் இருட்டாகவும் விழும். அது சொல்வதைவிட ஏறக்குறைய ஒரு படி கூடுதல் வெளிச்சம் கொடுத்து, எல்லா அளவுகளையும் கையாலேயே வைத்துவிட வேண்டும். கூரை விளக்குகள் மாறப்போவதில்லை என்பதால் பிறகு ஆட்டத்தில் மட்டும் கவனம் வைக்கலாம். இப்படிக் குழப்பும் அதே பனிதான் பெரிய உதவியும் செய்கிறது. மேலிருந்து வரும் வெளிச்சத்தை ஹெல்மெட் மறித்துவிடும். பனியில் பட்டுத் திரும்பும் வெளிச்சமோ கீழிருந்து ஏறி, முகக்கம்பிக்குள் இருக்கும் கண்களையும் கன்னங்களையும் துலக்கும். பக்கைப் போட்டு ஆட்டத்தைத் தொடங்கும் ஃபேஸ்-ஓஃபுக்காகப் பிள்ளைகள் குனிந்து நிற்கும்போது பாருங்கள், அவர்களுடைய முகம் அவ்வளவு தெளிவாக இருக்கும்.

பழைய அரங்குகளின் விளக்குகளில் இன்னொரு சிக்கல் உண்டு. கனடாவின் மின்சாரம் 60 ஹேர்ட்ஸ் என்பதால் அவை விநாடிக்கு 120 தடவை ஏறி இறங்கும். நம் கண்ணுக்கு அது தெரியாது. வேகமான ஷட்டருக்குத் தெரியும். அடுத்தடுத்து எடுத்த படங்களில் ஒன்று மஞ்சளாகவும் அடுத்தது நீலமாகவும் வருவதற்குக் காரணம் இதுதான். 2014இல் வந்த கனன் 7டி மார்க் 2, விளக்கு உச்சத்துக்கு வரும் கணம்வரை பொறுத்து ஷட்டரைத் திறக்கும் வசதியைக் கொண்டுவந்தது. இன்றைய கமராக்கள் பலவற்றில் அது இருக்கிறது, தேடிப்பார்த்து இயக்கிக்கொள்ளுங்கள். தளத்தைச் சுற்றியுள்ள கண்ணாடியில் பக் பட்ட கறுப்புத் தழும்புகள் நிறைய இருக்கும். துப்புரவான இடமாகப் பார்த்து, லென்ஸைக் கண்ணாடிக்கு நேராகவும் கிட்டவாகவும் பிடித்தால் தழும்பு கரைந்துவிடும், பின்னாலுள்ள விளக்கின் பிரதிபலிப்பும் விழாது. சாய்த்துப் பிடித்தால் தடித்த கண்ணாடி உருவத்தைக் குலைக்கும். ஆட்டக்காரர்கள் வந்து மோதும்போது கண்ணாடி உள்வாங்கி அசையும் என்பதால் கமராவை அதில் அழுத்தி வைக்காதீர்கள். பிளாஷ் வேண்டவே வேண்டாம்.

இவ்வளவும் கைவந்த பிறகுதான் உண்மையான பாடம் தொடங்குகிறது. பக்கைக் கண்டபின் பொத்தானை அழுத்தினால் பக் போய்விட்டிருக்கும். அது வரப்போகும் இடத்தில் முன்கூட்டியே கமரா காத்திருக்க வேண்டும். அதற்கு ஆட்டத்தை வாசிக்கத் தெரிய வேண்டும். தளத்தில் ஃபேஸ்-ஓஃப் புள்ளிகள் ஒன்பது இருக்கின்றன. அங்கே மட்டும்தான் பக் எங்கே, எப்போது விழும் என்பது முன்பே தெரியும். புதியவர் அங்கிருந்து தொடங்கலாம். அடுத்து, கோலைக் காத்து நிற்கும் கோலியின் கண்களைப் பார்க்கப் பழக வேண்டும். பக் எங்கே என்று நமக்குத் தெரியாத நேரத்திலும் அவருக்குத் தெரியும். பிறகு தோள்களையும் தடிகளையும் கவனிக்கலாம். பலமாக அடிப்பவரின் தடி பக்கைத் தொடுமுன் அதற்குச் சற்றுப் பின்னால் பனியில் ஊன்றி வில்லாக வளைகிறது. அந்த வளைவு நிமிரும் வேகம்தான் பக்கைப் பறக்கவிடுகிறது. அரங்கில் இருந்து எத்தனை ஆட்டம் பார்த்தாலும் தெரியாத இந்த வளைவைப் படத்தில் கண்டபோதுதான், மகள் வீட்டில் தன் தடி எவ்வளவு வளையும் என்று அக்கறையோடு பேசியதன் பொருள் எனக்கு விளங்கியது. அன்றிலிருந்து எங்கள் பேச்சு நீண்டது.

முன்கூட்டியே காத்திருந்தால் மட்டும் போதாது, கோலுக்குப் பின்னும் பார்த்துக்கொண்டிருக்க வேண்டும் என்பதை ஹொக்கியின் மிகப் புகழ்பெற்ற இரண்டு படங்கள் சொல்கின்றன. 1970 மே 10 அன்று பொஸ்ரன் கார்டன் அரங்கில் ஸ்ரான்லி கிண்ண இறுதிச்சுற்றின் நான்காவது ஆட்டம் சமநிலையில் கூடுதல் நேரத்துக்குப் போனது. ரே லூசியர் என்ற பத்திரிகைப் புகைப்படக்காரர், பொஸ்ரன் அணி தாக்கப்போகும் முனையில் வேறொருவர் எழுந்துபோன முக்காலியில் போய் உட்கார்ந்தார். நாற்பதாவது விநாடியில் பொஸ்ரனின் பொபி ஓர் என்பவர் கோல் அடித்தார். எதிரணிக்காரர் தட்டிவிட, கைகளை விரித்தபடி அவர் காற்றில் கிடையாகப் பறந்தார். லூசியர் சரியான இடத்தில் இருந்தார். கோல் விழுந்த பின்னும் கண்ணை எடுக்காமல் இருந்தார். 1972 செப்ரெம்பர் 28 அன்று மொஸ்கோவில், சோவியத் அணிக்கு எதிரான தொடரின் கடைசி ஆட்டம் முடிய 34 விநாடிகள் இருக்கையில் போல் ஹெண்டர்சன் கனடாவுக்கு வெற்றிக் கோலை அடித்தார். இன்றைக்கும் கனடியர்கள் நினைத்துப் பார்க்கும் படம், சக ஆட்டக்காரர் ஈவான் கோர்னோயே அவரைக் கட்டிக்கொள்ளும் காட்சி. ரொறன்ரோ ஸ்ரார் பத்திரிகையின் பிராங்க் லெனன் எடுத்தது. இரண்டிலும் கோல் ஏற்கெனவே விழுந்துவிட்டது. நம் நினைவில் நிற்பது அதற்குப் பின்னான மனிதர்கள்.

அதனால் என் கமரா கோலோடு நின்றுவிடுவதில்லை. ஆட்டத்தின் மூன்று கட்டங்களில் ஒவ்வொன்றுக்கும் அணிகள் முனை மாறும். முதலாவதிலும் மூன்றாவதிலும் எங்கள் பிள்ளைகள் தாக்கும் முனையில் நின்றால், அதே இடத்தில் இரண்டாவது கட்டத்தில் எங்கள் கோலி பக்கத்தில் வந்து நிற்பாள். அந்தக் கட்டம் முழுவதையும் நான் அவளுக்குக் கொடுப்பேன். பக் மறுமுனையில் இருக்கும்போது அவள் கம்பத்தைத் தடியால் தட்டிப் பார்ப்பதும், தண்ணீர் குடித்துவிட்டு மறுபடி குனிந்து நிற்பதும் வேறு யாரும் எடுக்காத படங்கள். தன் முறைக்காக வாங்கின் நுனியில் காத்திருப்பவளும் உண்டு. கோல் விட்ட தோழியின் ஹெல்மெட்டோடு தன் ஹெல்மெட்டை முட்டிக்கொள்பவளும் உண்டு.

பயிற்றுநரிடமும் பெற்றோரிடமும் அனுமதி கேட்டுவிட்டுத்தான் மற்றப் பிள்ளைகளைப் படம் எடுப்பேன். எடுத்ததை எல்லோருக்கும் கொடுப்பேன். பெரிய அரங்குகளில் கூரையில் பிளாஷ் பூட்டிப் படம் எடுக்கும் தொழில்காரர்கள் நட்சத்திரங்களைத் தேட வேண்டியவர்கள். சமூக அரங்கில் கமராவோடு நிற்கும் தாய்க்கோ தகப்பனுக்கோ அந்தக் கட்டாயம் இல்லை. பருவம் முழுக்க ஒரு கோலும் அடிக்காத பிள்ளைக்கும் தான் வேகமாகவும் அழகாகவும் சறுக்கும் ஒரு படம் கிடைக்க வேண்டும். தொடங்குகிறவர்கள் ஆட்டத்துக்குப் போகுமுன் அணியின் பெயர்ப்பட்டியலை வாங்கிக்கொள்ளுங்கள். பட்டியலில் உள்ள ஒவ்வொரு பெயருக்கும் ஒரு நல்ல படமாவது எடுக்காமல் பருவத்தை முடிக்காதீர்கள்.