ஒரு ரூபாய் இட்லி

கோவைக்கு மேற்கே வடிவேலம்பாளையத்தில் கமலாத்தாள் பாட்டியின் கடை. முதலில் இட்லி 50 காசு, பிறகு 1 ரூபாய்.

ஆட்டுக்கல்லில் மாவாட்டி, விறகடுப்பில் வேகவைத்து, சட்னி சாம்பாரோடு பரிமாறினார். சாப்பிட வந்தவர்களில் பலர் தினக்கூலிகள். விலையை ஏற்றினால் அவர்கள் எப்படி நாலு காசு மிச்சம் பிடிப்பார்கள் என்பதுதான் அவருடைய கணக்கு. சும்மா கிடைத்த சோறு என்ற கூச்சமும் அவர்களுக்கு இருக்கவில்லை; காசு கொடுத்துத்தான் சாப்பிட்டார்கள். இந்த மரியாதைதான் இதில் பெரிய விஷயம்!

2020 கொரோனா ஊரடங்கில் மளிகை விலை ஏறியது. பாட்டி இட்லி விலையை ஏற்றவில்லை.

அதற்கு முன்பே, 2019-இல் அவரைப் பற்றிய காணொளி பரவியதும் அவருக்கு கேஸ் அடுப்பு வந்தது. 2022 அன்னையர் தினத்தில், தொழிலதிபர் ஆனந்த் மஹிந்திராவின் ஏற்பாட்டில், சமையலறையோடு கூடிய புது வீடும் கிடைத்தது.